கடல் கொண்ட வயலும் கல்லூரிப் பாடமும்

(சிப்பிகாட்டில் நடந்த சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சுற்றுச்சூழல் அறிவியல் என்னும் கல்லூரிப் பாடத்தைப் பற்றிப் பேச ஒரு பேராசிரியரை அழைத்திருக்கலாமே, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட இரயில்வே எழுத்தரை ஏன் அழைத்தார்கள் என்று சிலர் எண்ணக்கூடும். அதிலும், இரயிலே ஓடாத தீவில்! இரயில் இல்லாவிட்டாலும் நமக்கு முன்பதிவு மேசை உண்டு. கப்பலேறிச் சென்னைக்குப் போய், அங்கிருந்து கோவைக்கும் மதுரைக்கும் புதுச்சேரிக்கும் படிக்கப் போகிற பிள்ளைகள் வந்து நிற்கிற இடம் அது. என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்பது எழுத்தரின் வேலையில் சேராது, ஆனாலும் கேட்போம். பொறியியல் என்பார்கள், நர்சிங் என்பார்கள், பி.காம். என்பார்கள். சுற்றுச்சூழல் என்று சொன்ன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கேயே பட்டப்படிப்புப் படிக்கிற தம்பி ஒருவரிடம், உங்களுக்கெல்லாம் அது கட்டாயப் பாடமாயிற்றே, எப்படி இருக்கிறது என்று கேட்டோம். "அது சும்மா பாஸ் பேப்பர் அண்ணே, முதல் நாள் ராத்திரி படிச்சா போதும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இன்றைய கூட்டத்துக்குக் காரணம். எந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் முதல் நாள் இரவில் படித்து மறுநாள் மறந்துவிடுகிறார்களோ, அந்தப் பாடத்தின் சொற்களைக் கொண்டுதான் இந்தத் தீவுகளில் யார் இருக்கலாம், எந்த நிலம் யாருக்கு, எந்தத் தொழில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் முடிவாகிக் கொண்டிருக்கிறது. இதை நாம் விளங்கிக் கொள்ள வேண்டும்.

முதலில் இந்த ஊரையே பாருங்கள். 2004 டிசம்பர் 26 வரையில் சிப்பிகாட்டின் தாழ்வான நிலம் வயலாகவும் தோட்டமாகவும் இருந்தது. நெல்லும் பாக்கும் தென்னையும் வைத்தவர்கள் இப்பகுதி மக்கள். தமிழரும் உண்டு, வங்காளியரும் உண்டு, மலையாளிகளும் ராஞ்சிக்காரர்களும் உண்டு. அன்று காலை நில அதிர்ச்சி. பிறகு கடல் வந்தது. கடல் வந்ததை உலகம் முழுவதும் படத்தில் பார்த்தது. வந்த கடல் இங்கே திரும்பிப் போகாததை எத்தனை பேர் பார்த்தார்கள்? தென் அந்தமானின் இக்கரை ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. நிலமே தாழ்ந்த பிறகு நீர் எங்கே வடியும்? பட்டாவில் ஏக்கரும் சென்ட்டும் எழுதியிருந்தபடியே இருக்க, அதன்மேல் நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்கியது.

ஏன் தாழ்ந்தது? இந்தியா அமர்ந்திருக்கும் பாறைத் தட்டு, நம் தீவுகளுக்கு மேற்கே, பர்மாத் தட்டு என்று சொல்லப்படுவதன் அடியில் மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் இறுகியிருந்த இடம் அன்று சுமத்திராவிலிருந்து அந்தமான் வரையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒரேயடியாக விட்டுக்கொடுத்தது. பலகையின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும்பும் அல்லவா? அதுபோல் வடக்கே இன்டர்வியூ தீவுப் பக்கம் தரை எழும்பிப் பவளப்பாறை வெளியே வந்து வெயிலில் காய்ந்து செத்தது. இங்கே வயல் இறங்கியது. பெரிய நிக்கோபாரின் தெற்கு முனையான இந்திரா முனையில் நான்கு மீட்டருக்கும் அதிகமாக இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. இவ்வளவும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. ஆனால் எந்த வரப்பு வரை நீர் ஏறியது, எந்தக் கிணறு முதலில் உப்பானது, எந்தத் தென்னை எத்தனை மாதம் தாங்கி நின்றது என்பதைப் புத்தகம் சொல்லாது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்த மாணவர்கள் எத்தனை பேர்?

வந்தவர்கள் இல்லாமல் இல்லை. வெளியூர்களிலிருந்து பறவை பார்ப்போர் வருகிறார்கள். அந்தமான் கிளுவை என்னும் சிறு வாத்து, உலகத்தில் இத்தீவுகளையும் அண்டையில் சில இடங்களையும் விட்டால் வேறெங்கும் காணக் கிடைக்காதது, நம் பழைய வயலில் மேய்கிறது. கை நீளத்துக்குக் கேமிராக்கள் வருகின்றன. ஆராய்ச்சியாளர்களும் வருகிறார்கள், ஏனென்றால் பழைய கரையோரத்து அலையாத்தி மரங்கள் நீர் வடியாமல் மூச்சுமுட்டிச் செத்தன, அதே சமயம் உள்ளே இருந்த வயலில் புதிதாக அலையாத்தி முளைத்தது. சுரபுன்னையின் காய் தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, நீண்டு, கீழே விழுந்து, ஓதத்தில் மிதந்துபோய் ஒதுங்கிய இடத்தில் ஊன்றிக்கொள்ளும். நம் மக்கள் நாற்று நட்ட சேற்றில் கடல் தன் நாற்றை நட்டது. இயற்கையின் கணக்கில் இது பெரிய நன்மை. புயல் வந்தால் தடுக்கும், மீன் குஞ்சுக்கும் இறாலுக்கும் தொட்டிலாகும், மறுப்பதற்கில்லை.

ஆனால் சட்டத்தின் கணக்கையும் பாருங்கள். தீவுகளுக்கென்று 2011-லும் பிறகு 2019-லும் வந்த கரையோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள், அலையாத்திக் காட்டை மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய வகுப்பில் வைக்கின்றன. முளைத்த மரத்துக்குப் பாதுகாப்பு உண்டு, நல்லது. மூழ்கிய வயலுக்கு உரியவனுக்கு என்ன உண்டு? அவன் அங்கே நண்டு வளர்க்கலாமா, உவர்நீர் மீன் வளர்க்கலாமா, வரப்பை உயர்த்தி மீண்டும் பயிர் வைக்கலாமா? இக்கேள்வியை எந்தக் கல்லூரி வினாத்தாள் கேட்கிறது?

பாடம் எப்படி வந்தது என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் மனமுவந்து கொடுத்ததன்று. எம்.சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22-இல் உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டது: பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும், திரையரங்குகளில் அதுபற்றி சிலைடு காட்ட வேண்டும். சிலைடு காட்டினார்களோ என்னவோ, பாடம் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் ஒழுங்காக வரவில்லை. 2003 டிசம்பர் 18-இல் நீதிமன்றம் மறுபடியும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதிலிருந்து சரியாக ஓராண்டும் எட்டு நாளும் கழித்துக் கடல் இங்கே வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவாக வகுத்த அந்த ஆறு மாதப் பாடத்தில் ஐம்பது வகுப்புகள். இயற்கை வளம், உயிரினப் பன்மை, மாசு, சமூகப் பிரச்சினை, மக்கள்தொகை என்று எட்டு அலகுகள். எட்டாவது அலகு வெளியே போய்ப் பார்ப்பது. நூறு மதிப்பெண்ணில் இருபத்தைந்து அதற்கென்றே ஒதுக்கினார்கள். பக்கத்து ஆறு, காடு, குளம், மாசுபட்ட இடம், இவற்றில் ஒன்றுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். 2023-இல் மானியக் குழு புதிய வழிகாட்டுதல் கொடுத்து, பருவநிலை மாற்றத்தையும் நீடித்த வளர்ச்சியையும் அழுத்திச் சொல்லியிருக்கிறது. ஏட்டில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. அந்த இருபத்தைந்து மதிப்பெண்ணை மாணவர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நோட்டுகள் கைமாறுகிற கதையை அவர்களே சிரித்துக்கொண்டு சொல்லுவார்கள்.

நண்பர்களே, அந்தப் பாடத்தில் மக்கள்தொகை என்று ஓர் அலகு இருக்கிறது என்றோமே, அங்கேதான் நம் தலை உருளுகிறது. தாங்குதிறன் என்று ஒரு சொல். ஒரு நிலம் எத்தனை பேரைத் தாங்கும் என்பது பொருள். இந்தத் தீவுகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், வந்து குடியேறியவர்களால் சுமை கூடிவிட்டது என்று எழுதுகிறார்கள். 1951-இல் 30,971 பேர் இருந்தோம், 2001-இல் 3,56,152. எண்ணைப் பார்த்தால் அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் 2011-இல் 3,80,581. பத்தாண்டில் கூடியது ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. இதைச் சேர்த்துச் சொல்லுவதில்லை. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளிலேயே ஓராண்டில் வந்துபோகும் சுற்றுலாப் பயணிகளின் தொகை தீவின் மக்கள்தொகையைத் தாண்டிவிட்டது; தாங்குதிறனில் அவர்களுடைய குளியலறைத் தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிட வேண்டாமா? கோடையில் தனிகாரி அணை வற்றும்போது குடத்தோடு காத்திருப்பவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்?

2002-இல் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை வைத்து அவ்வாண்டு மே 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. மரம் வெட்டுவதற்குக் கடுமையான தடை. கடற்கரை மணலைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 1978-க்குப் பிறகு வனநிலத்தில் குடியேறியவர்களை அகற்ற வேண்டும். காடு காக்கப்பட்டதை வரவேற்கிறோம். ஜாரவா மக்களும் மற்ற பழங்குடியினரும்தான் இந்த மண்ணுக்கு முதல் உரிமைக்காரர்கள். அவர்கள் காட்டை நாம் தொட உரிமையில்லை. இதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் கூப்பில் கோடாலி பிடித்தது யார்? நம் அப்பன், பாட்டன். காண்டிராக்டர் கப்பலேற்றிக் கொண்டுவந்து கூலிக்கு வெட்டச் சொன்னான், வெட்டினார்கள். 1883-இலிருந்து ஓடிய சாத்தம் மர ஆலைக்கு மரம் கேட்டது யார்? அரசு. கூலிக்காரன் பெயர் ஆக்கிரமிப்பாளன் என்று ஆனது. மரத்தை விற்றவன் பெயர் எங்கேயும் காணோம். மணல் நின்றதும் வேலை நின்ற கொத்தனாரும் சித்தாளும் நம் வீட்டுக்காரர்கள். அந்த உத்தரவைத் தமிழில் எடுத்துச் சொல்லவும், எந்தப் பகுதி நியாயம், எதில் மறுபரிசீலனை கேட்கலாம் என்று அறிவியலின் மொழியிலேயே மனு எழுதவும் நம்மிடையே எத்தனை பேர் இருந்தார்கள்?

பெரிய நிக்கோபார் திட்டத்திலும் இதே கதைதான். 130 சதுர கிலோமீட்டர் காடு. துறைமுகம், விமான நிலையம், நகரம். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஆங்கிலத்தில். 2022 ஜனவரியில் காம்ப்பெல் பேயில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஷோம்பென் மக்களும் நிக்கோபாரிகளும் அங்கே இருக்கிறார்கள். 1969 முதல் அரசே கொண்டுபோய்க் குடியமர்த்திய முன்னாள் படைவீரர் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களில் தமிழரும் உண்டு. கலத்தியா கரையில் முட்டையிடும் தோல்முதுகு ஆமையைப் பற்றி உலகெங்கும் எழுதுகிறார்கள், எழுதட்டும். ஆனால் 2006-ஆம் ஆண்டு விதியின்படி அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் கிடைக்க வேண்டும். இங்கே அலுவல் மொழி இந்தியும் ஆங்கிலமும். 2011 கணக்கெடுப்பில் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். அவர்களுக்கு எந்த மொழியில் சுருக்கம் கிடைக்கும்?

இங்கே கரேன் மக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1925-இல் வெள்ளையர் ஆட்சியில் பர்மாவிலிருந்து மாயாபந்தர் பக்கம் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். காட்டையும் கடலையும் அவர்களைப்போல் அறிந்தவர்கள் அரிது. வண்டூரில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் எத்தனையோ ஆண்டுகளாக முதலையையும் ஆமையையும் பாம்பையும் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பவர்களில் முதன்மையானவர்கள் இந்தக் கரேன் தொழிலாளர்களே. அந்நிலையத்தார் இதை மறைப்பதில்லை, நன்றியோடு சொல்லுகிறார்கள். இருந்தாலும் பொதுவில் வழக்கம் என்ன? கண்டவன் கள உதவியாளன்; எழுதியவன் விஞ்ஞானி. கண்டவன் வீட்டுப் பிள்ளையே எழுதுகிறவனாகவும் ஆக வேண்டாமா?

ஆக முடியும். அண்டையில் கேரளத்தைப் பாருங்கள். 1962-இல் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத், அறிவியலை மலையாளத்தில் எழுதுவதற்கென்று கூடிய ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்த இயக்கம். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டப் புறப்பட்டபோது கல்லூரித் தாவரவியல் ஆசிரியரான எம்.கே. பிரசாத் போன்றோர் அந்த இயக்கத்தில் நின்று வாதாடினார்கள். மின்சாரம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை; எவ்வளவு மின்சாரம், எந்த மாவட்டத்துக்கு, வேறு எந்த வழியில் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். தாவரவியல், பொறியியல், பொருளாதாரம் படித்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து எழுதிய அறிக்கை அது. மலையாளத்தில் ஊர் ஊராகப் போனது. 1984-இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது. தமிழ்நாட்டில் 1980-இல் பிறந்த அறிவியல் இயக்கமும் அவ்வழியில் வந்ததே. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே அமர்ந்திருக்கிறது. பிச்சாவரத்து அலையாத்தி ஒரு கூப்பிடு தூரம். படிப்பு எங்கே நடக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

நம்மிடம் மட்டும் இடம் இல்லையா? 1967-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு கல்லூரி இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் புரூக்ஷாபாத்தில் கடலாய்வும் கடல் உயிரியலும் முதுகலை அளவில் நடத்துகிறது; சுனாமிக்குப் பின் பேரிடர் மேலாண்மையும் வந்தது. (போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, பழைய பெயர் வாயில் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.) கராச்சர்மாவில் 1978-இல் அமைந்த மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உப்பைத் தாங்கும் நெல் வகைகளைக் கொடுத்திருக்கிறது, மூழ்கிய நிலத்தில் மேட்டுப்பாத்தி போட்டு மேலே காய்கறியும் நடுவே வாய்க்காலில் மீனும் வளர்க்கலாம் என்று செய்து காட்டியிருக்கிறது. இதே சிப்பிகாட்டில் 1980-களில் பசிபிக் தீவுகளிலிருந்து தென்னை வகைகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். உலகம் இங்கே வந்து படிக்கிறது. நம் பிள்ளைகள் இங்கிருந்து கப்பலேறிப் போய் வேறெதையோ படிக்கிறார்கள்.

வேலை கிடைக்குமா என்று ஒரு தாய் எழுந்து கேட்டார்கள். நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழித்துவிட்டு இலட்சியம் பேசுவது நம் சங்கத்துக்கு அழகில்லை. இன்று அந்தப் பட்டத்துக்கு நேரே இவ்வளவு இடம் என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. வனத்துறை, மீன்துறை, மாசுக் கட்டுப்பாட்டுக் குழு, பேரிடர் மேலாண்மை, ஆராய்ச்சி நிலையங்கள், எல்லாவற்றிலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு, ஆனால் தேர்வு அறிவிப்பில் தகுதியாக எழுதப்பட வேண்டும். அதை எழுத வைப்பது தொழிற்சங்கம் செய்கிற வேலை. பெற்றோரின் தலையில் கட்டுகிற வேலை கிடையாது. இரயில்வேயில் ஒரு பதவிக்குத் தகுதி மாற்றம் வாங்க எத்தனை மனு, எத்தனை ஆண்டு என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லுகிறோம்: தொடங்கினால்தான் நடக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தீவுகளில் தமிழ்வழியில் நடக்கும் அரசுப் பள்ளிகள் உண்டு. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் கல்லூரிக்குள் நுழைந்ததும் ஒரே நாளில் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. ஓதம், கழி, சதுப்பு, அலையாத்தி என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிடுகிறது. அவள் மனப்பாடம் செய்யாமல் வேறென்ன செய்வாள்? ஆங்கிலம் வேண்டாம் என்பது நம் கோரிக்கையில்லை. மனு எழுதவும் அறிக்கை படிக்கவும் ஆங்கிலம் வேண்டும். கூடவே தமிழும் வேண்டும்.

எனவே சங்கத்தின் கல்விக் குழு இந்த முடிவுகளை உங்கள் முன் வைக்கிறது. கல்லூரி முதல்வர்களைப் பார்த்து, வெளிக்கள வேலையைச் சிப்பிகாட்டில் செய்யக் கேட்பது. ஒவ்வொரு மாணவரும் மூழ்கிய ஒரு வயலை எடுத்துக்கொண்டு, அதற்குரிய குடும்பத்தோடு உட்கார்ந்து, 2004-க்கு முன் என்ன விளைந்தது, பின் என்ன ஆனது, இன்று என்ன முளைத்திருக்கிறது என்று எழுதுவது. வங்காளி வயலானாலும் தமிழர் வயலானாலும் ஒன்றுதான். எழுதியதில் ஒரு படி கல்லூரிக்கு, ஒரு படி அந்தக் குடும்பத்துக்கு, ஒரு படி நம் சங்கத்துக்கு. கரையோர அறிவிக்கையைத் தமிழில் சுருக்கி அச்சிட மூன்று பேர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். அவர்களில் இருவர் மாணவியர் என்பதைச் சொல்ல மகிழ்ச்சியாக இருக்கிறது.

முதல் குழு வரும் ஞாயிற்றுக்கிழமை ஓதம் வற்றும் வேளையில் புறப்படுகிறது. சேறு முழங்கால் வரை இருக்கும்; செருப்பு நிற்காது, அதனால் பழைய கான்வாஸ் காலணி கொண்டுவாருங்கள். பெரியவர்கள் தங்கள் பட்டா நகலை எடுத்து வைத்திருங்கள். பெயர் கொடுக்க விரும்புகிற மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வரலாம். முன்பதிவுக்குக் கட்டணம் இல்லை.